பிலோமினாவின் வலது காது

1982 பிப்ரவரி 8, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டன, தோட்டம் முழுக்க வானம். நான்காம் வகுப்புக்குச் சோதனைத் தாள் தயாரிக்க வேண்டும். சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை.

சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் இதுதான்: பிலோமினாவுக்கு வலது காது கேட்கவில்லை.

நேற்று படுக்கப் போகும்போது நன்றாகத்தான் இருந்தாள். இன்று தேநீர் கலக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து உதறினாள். குளித்த தண்ணீர் போயிருக்கும் என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். இல்லை. சுற்றிப்போய் இடது பக்கம் நின்று சொன்னதும்தான் திரும்பினாள்.

"தண்ணி இல்லைங்க. பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. உள்ள ஒரே இரைச்சல், ரப்பர் மெஷின் ஓடுற மாதிரி."

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலைசுற்றல். அப்படியும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டாள். இந்தத் தோட்டத்துக்கு அவள்தான் மிஸ்ஸி, நர்ஸும் மருத்துவச்சியும். லயத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில் விழுந்தவை. தாயின் வயிற்றில் மரக்குழலை வைத்து, மறுமுனையில் காதை அழுத்தி, உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பாள். எப்போதும் வலது காது.

மதியம் கிளினிக் டிரெஸ்ஸர் மணியம் பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், லைட் அடிச்சுப் பாத்தேன். அழுக்கு இல்ல, சீழ் இல்ல. இது உள்காது. மருந்து ஊத்திட்டு உக்காந்திருக்கிற கேஸ் இல்ல சார். நாளைக்கே அலோர் ஸ்டார் கூட்டிட்டுப் போங்க."

தலைமையாசிரியரிடம் லீவு சொல்லியாயிற்று.

பிப்ரவரி 9, செவ்வாய்

பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தேன், அவள் காது இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று. ஜெராய் மலை தெளிவாக, மேகமே இல்லாமல்.

பெரிய ஆஸ்பத்திரி. காது டாக்டர் ஒரு சீனப் பெண், கண்ணாடி, சின்ன வயது. மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. இரும்புக் கவை ஒன்றைத் தட்டி பி.யின் நெற்றியில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது? இடது. பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தேன். இடது காதுக்கு விரல் அமுக்கியபடியே இருந்தது. வலதுக்கு வந்ததும் விரல் சும்மா கிடந்தது. நீண்ட நேரம் சும்மா கிடந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டாள்.

அட்மிட். மாத்திரை அதிக அளவில் ஆரம்பம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். ஓய்வு.

கட்டிலில் ஏறப்போனவளின் காலை டாக்டர் பார்த்தார். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், நரம்பு தடித்திருக்கும் பி.க்கு. செருப்பு உரசித் தடித்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்தோம். டாக்டர் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, காதை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அப்பா இருக்கிறாரா? இல்லை. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றபடியே விழுந்தார். அண்ணன் தம்பி? அண்ணன் லூர்து இல்லை. பந்து விளையாடும்போது திடலிலேயே. நாற்பதுகூட ஆகவில்லை. தம்பி அந்தோணி இருக்கிறான், இங்கே மெர்கோங்கில்.

நாளை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மகள் கிரேஸுக்குச் சோறு. பத்து வயதுப் பெண் கேட்கிற கேள்விகள்.

பிப்ரவரி 11, வியாழன்

அரை நாள் பள்ளி. மணி அடித்ததும் பஸ்.

பி. கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் மலாய்க் கிழவிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நோயாளி யார் என்றே தெரியவில்லை.

ரத்தம் வந்துவிட்டது. கொலஸ்ட்ரால் மிக அதிகம், இருக்க வேண்டியதைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு. வம்சத்தில் வருவது என்கிறார் டாக்டர். குதிகால் தடிப்பும் அதுதான். செருப்பு இல்லை.

நம்ப முடியவில்லை. பி. ஊதினால் பறந்துவிடுவாள். லயம் லயமாக நாள் முழுக்க நடப்பவள்.

"உடம்புல கொழுப்பு ஜாஸ்தியாம்ங்க" என்றாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. மலாய்க் கிழவியும் ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

இதனால்தான் காது போனதா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது நூல் மாதிரி ஒரு குழாய். அது அடைபட்டால் சுற்றுவழி கிடையாது. அப்படி இருக்கலாம். ஏதாவது கிருமியாகவும் இருக்கலாம். திரும்பக் கேட்குமா? சிலருக்கு முழுதாக, சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லவே இல்லை. ஆனால் காது எப்படிப் போனாலும் இந்தக் கொலஸ்ட்ராலை விட்டுவிடக் கூடாது, அப்பாவையும் அண்ணனையும் நினைத்துப் பாருங்கள் என்றார்.

"பூசி மெழுகாமச் சொல்றாங்க. எனக்கு இந்த டாக்டரைப் புடிச்சிருக்கு" என்றாள் பி.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, அந்தோணியிடம் பேச வேண்டும். இரண்டு, "லெட்சுமிக்கு எட்டாவது மாசம் நடக்குது. கால் வீங்கியிருக்கான்னு மணியத்தைப் பாக்கச் சொல்லுங்க."

பிப்ரவரி 15, திங்கள்

பி. வீட்டில். காது அப்படியேதான். தலைசுற்றல் குறைவு. மாத்திரையால் முகம் உப்பி, கன்னம் இரண்டும் பன் மாதிரி. சரியான தூக்கம் இல்லை. அதைவிடப் பெரிய கொடுமை பசி. அந்த மாத்திரை அப்படிப் பசியைக் கிளப்புமாம். டாக்டரோ கையில் தடைப் பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இப்ப இந்த மேசையைக் குடுத்தாலும் தின்னுருவேங்க."

மேசையைத் தொடவில்லை. வெள்ளரிக்காய். இன்னொரு வெள்ளரிக்காய். அவித்த மரவள்ளி. மறுபடி வெள்ளரிக்காய்.

இன்று வீட்டைவிட்டு வெளியேறியவை: நெய் டின் (பக்கத்து வீட்டுக்கு), வெண்ணெய், பொரித்த நெத்திலி பாட்டில், ஈரல் வாங்குகிற பழக்கம், தேங்காய்ப்பால். கடைசியில் உள்ளதுதான் எனக்குத் துக்கம். பி.யின் மீன் கறியே தேங்காய்ப்பாலில்தான் நிற்கும். இன்று புளியும் தக்காளியும் போட்டு கெம்போங் மீன் வைத்தாள். ருசி பார்க்க அவளே ஒரு துண்டு எடுத்தாள், அடுத்த துண்டுக்குப் போன கை பாதியில் நின்று திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பசியில் மேசையையே தின்பேன் என்றவள் கையை இழுத்துக்கொள்வதை முதல்முறை பார்க்கிறேன்.

கறி நன்றாகவே இருந்தது. சொன்னேன். இடது பக்கம் போய்.

பிப்ரவரி 18, வியாழன்

வெயில் தாங்கவில்லை. கிணறு அடிமட்டம்.

மாலை லெட்சுமி வந்தாள். மூன்றாம் லயம், ரப்பர் பால்வெட்டு வேலை. இதற்குமுன் இரண்டு தங்கவில்லை. ஒன்று ஆறாம் மாதத்தில், ஒன்று பிறந்து அழவே இல்லை. இப்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடக்கிறாள்.

"மிஸ்ஸி, நீங்க வந்துட்டீங்கல்ல. இனிமே எனக்குப் பயமில்ல."

பி. அவளைத் தன் இடது பக்கம் உட்காரவைத்தாள். நான் அடுத்த அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது, கதவு வழியே தெரியவும் செய்தது.

"லெட்சுமி, நான் சொல்றத நல்லாக் கேளு. எனக்கு வலது காது கேக்கல. அதுல ஒரே இரைச்சல். இடதுல கேட்டாலும் இந்த இரைச்சல் அதையும் அமுக்குது. புள்ள துடிப்பு கேக்குதுன்னு சும்மா உனக்கு நான் சொல்ல மாட்டேன். நீ சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சு வச்சுக்க."



"எனக்கு உங்க ஒரு காது போதும் மிஸ்ஸி."

"உனக்குப் போதும்மா. எனக்குப் போதணும்ல?"

லெட்சுமி அழுதாள். பி. அழவில்லை, ஆனால் அவள் கையை விடவும் இல்லை. லெட்சுமி பேர் பதிய ஒத்துக்கொண்டாள், மிஸ்ஸியும் கூடவே பார்த்துக்கொள்வதாக இருந்தால்.

யாருக்குமே தெரியாமல் மறைத்திருக்கலாம். குழலை வைத்து, தலையை ஆட்டி, 'நல்லா இருக்கு' என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? இவளோடு இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும், இன்றுதான் நன்றாகப் பார்த்த மாதிரி இருக்கிறது.

நாலு தாளில் தப்பாக மார்க் போட்டிருக்கிறேன். திருத்த வேண்டும்.

பிப்ரவரி 24, சாம்பல் புதன்

கோயிலில் கூட்டம். நெற்றியில் சாம்பல். ஃபாதர் பிரசங்கத்தை பி. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள், பாதி புரியவில்லை என்றாள். எனக்கு முழுதும் கேட்டும் பாதிதான்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மிஸ்ஸி, இறைச்சியே தொடுறதில்லையாமே! இந்த வருசம் ரொம்பக் கடுமையான தவசு போல?"

"ஆமாம்மா. நாப்பது நாள்ல முடியாத தவசு."

மாத்திரை குறைந்துகொண்டு வருகிறது. காது? இல்லை. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். காலையில் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பிப்ரவரி 27, சனி

மெர்கோங். அந்தோணி கடை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். ஆள் நல்ல கட்டுமஸ்து, முப்பத்தைந்து வயது, சுருட்டிய சட்டைக்கை, எந்நேரமும் சிரிப்பு. மதியம் ஆட்டுக்கறி ஆக்கி வைத்திருந்தார்கள். பி. ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

பிறகு கடைக்குள்ளேயே பேச்சை எடுத்தாள். ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று.

"அக்கா, எனக்கென்ன சக்கித்தா? நோயாளி மாதிரியா இருக்கேன்? மூட்டை தூக்குறேன், வெள்ளிக்கிழமையானா பந்தடிக்கிறேன். உனக்குக் காது கேக்கலேன்னா எனக்கு எதுக்கு ஊசி? வேணாம்லா."

சாலையில் லாரிச் சத்தம். அவன் சொன்னது பி.க்கு விழவில்லை. முகத்தைப் பார்த்துத் திரும்பச் சொல் என்றாள். அவன் திரும்பச் சொன்னான், இந்த முறை சிரிப்பு கொஞ்சம் குறைவு.

"லூர்துவும் பந்துதான் அடிச்சான்" என்றாள்.

அவன் தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

அப்போது பி. செய்ததை எழுதியே ஆக வேண்டும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே தரையில் குந்தினாள். அவன் கணுக்காலைப் பிடித்தாள்.

"அக்கா! என்ன பண்றே? காலைத் தொடாதேக்கா, ஆளுங்க பாக்குறாங்க!"

"பாக்கட்டும்."

சீனி வாங்க வந்த மலாய் அம்மா ஒருவர் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பி. கட்டைவிரலால் அவன் குதிகாலுக்கு மேலே மெதுவாகத் தடவினாள். தேடிய இடம் கிடைத்ததும் விரல் நின்றுவிட்டது. எழுந்து மூட்டையில் உட்கார்ந்து தன் காலை நீட்டினாள்.

"என்னுதைத் தொட்டுப் பாரு. இப்ப உன்னுதைத் தொடு."

தொட்டான். திரும்ப அவளுடையதைத் தொட்டான். பெரிய உடம்பு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தது.

"லூர்து அண்ணனுக்கும் இப்படி இருந்துச்சா?"

"பூட்ஸ் பின்னாடி இறுக்குது, இறுக்குதுன்னு சொல்லிட்டே இருப்பான். ஞாபகம் இல்ல?"

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றான். திங்கட்கிழமையே. மலாய் அம்மா சீனிக்குக் காசு வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

மார்ச் 5, வெள்ளி

இங்கே வெள்ளிதான் பள்ளி விடுமுறை. துணி துவைத்தேன், கிரேஸ் காயப்போட்டாள்.

பி. கிளினிக்கில் இடது காதைப் பழக்குகிறாள். கர்ப்பிணிகள் தாங்களாகவே வந்து வரிசையாகப் படுக்கிறார்கள். முதலில் பி. கேட்டு எண்ணிக்கை வைத்துக்கொள்வாள், வெளியே சொல்ல மாட்டாள். பிறகு மணியம் கேட்டு எண்ணுவார். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுவார்கள். முதல் நாள் ஒன்றுமே ஒத்துவரவில்லையாம். தாயின் ரத்த ஓட்டத்தையே பிள்ளைத் துடிப்பு என்று எண்ணியிருக்கிறாள். அதனால் இப்போது தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்கிறாள். நாடி ஒரு வேகம், உள்ளே கேட்பது வேறு வேகம் என்றால்தான் அது பிள்ளை.

"இரைச்சலை என்ன செய்றே?" என்று கேட்டேன்.

"அதை நிறுத்த முடியாதுங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டு, அதுக்குப் பின்னாடி நிக்கிறதைத் தேடுறேன். பாசார்ல நம்ம புள்ள கூப்புட்டாத் தெரியும்ல, அந்த மாதிரி."

கிரேஸ் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள்: "அம்மா பரிட்சை எழுதுறாங்க, மணியம் அங்கிள் திருத்துறாரு."

லெட்சுமியையும் இப்படித்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்தது.

மார்ச் 11, வியாழன்

முதல் மழை. மண்வாசனை. கூரை வடிகாலில் இலை அடைத்துக்கொண்டது.

பி. இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "இன்னும் பேசுங்க."

வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு. பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

"வலதுல கேக்குதுங்க! ஆனா வாத்து பேசுற மாதிரி கேக்குது."

கிரேஸ் ஓடி வந்து பேசினாள். தகர டின்னுக்குள் பேசுவது போல என்றாள். குழாய்த் தண்ணீர் கரகரவென்று. ரேடியோவில் பாடுகிறவர் இரண்டு பேராகக் கேட்கிறாராம், ஒருவர் சுருதி தப்பி. எதுவும் சரியாக இல்லை, ஆனால் இருக்கிறது.

நாள் முழுக்க வாத்தாக இருந்தேன். மனநிறைவோடு.

மார்ச் 16, செவ்வாய்

அலோர் ஸ்டார். மீண்டும் கண்ணாடி அறை. இந்த முறை வலது காதுக்கும் விரல் அமுக்கியது. நின்று நின்று, ஆனால் அமுக்கியது.

கனத்த ஒலிகள் நன்றாக ஏறிவிட்டன. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் இன்னும் கீழேதான். மேலும் கொஞ்சம் வரலாம், எல்லாம் வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். பி. தலையாட்டினாள். பறவைச் சத்தம் அந்தப் பக்கம் இல்லை, குயிலை இடது காதாலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றாள். டாக்டருக்கு மலாயில் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தோணியும் வந்திருந்தான். அவனுக்கு அக்காவைவிட அதிகம். இதயப் படத்திலும் ஏதோ சரியில்லை. பந்து கூடாது இப்போதைக்கு, மாத்திரை, மேல் பரிசோதனை. அவன் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ காலைப் புடிக்கலேன்னா நான் வந்திருக்க மாட்டேன்கா."

"தெரியும். அதான் புடிச்சேன்."

பி. வற்புறுத்தி எனக்கும் போன வாரம் ரத்தம் எடுக்க வைத்திருந்தாள். முடிவு: சரியாக இருக்கிறது. மூன்று பேரில் தொப்பை உள்ளவன் நான் ஒருவன்தான். வெட்கமாக இருந்தது.

கிரேஸுக்கும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நேரம் இருக்கிறது, அவசரமில்லை, ஆனால் பார்க்க வேண்டும்.

மார்ச் 24, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்றாம் பாடவேளை. மேனேஜர் ஜீப் பள்ளியைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. பின்னால் பி. முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப் தளத்தில் யாரோ படுத்திருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும்.

மணியம் பிறகு சொன்னது: லெட்சுமிக்குக் காலையில் வலி. தேதிக்கு முன்னாலேயே. பி.யும் அவரும் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பி. குழலை வைத்துக் கேட்டாள், இடது காது. நாடியைப் பிடித்தபடி. வலி வந்து போகும்வரை காதை எடுக்கவே இல்லை. அடுத்த வலிக்கும் அப்படியே. மணியத்துக்கு ஜாடை காட்டினாள். அவரும் கேட்டார். "எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல சார். இருக்கிற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு."

பி. சொன்னாளாம்: "வலி போனதும் புள்ள துடிப்பு ஏறணும். ஏற லேட்டாவுது. எனக்குச் சந்தேகமா இருக்கு மணியம். இதுக்குச் சந்தேகமே போதும், கெளம்பலாம்."

அவர் மறுபேச்சு பேசாமல் ஆபீசுக்கு ஓடினார், ஜீப்புக்கு.

சுங்கை பட்டாணியில் பேர் பதிந்திருந்ததால் உடனே உள்ளே. ஆபரேஷன். கொடி கழுத்தில் இரண்டு சுற்று.

பெண் குழந்தை. அழுதது.

பி. மாலை வந்தாள். முட்டியெல்லாம் ஜீப் தகரம் கிழித்துக் காயம். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கால் நீட்டி உட்கார்ந்து தானாகவே பேசினாள்.

"ஜீப்ல ஒண்ணுமே கேக்கலைங்க. அந்த எஞ்சின் சத்தத்துல எந்தக் காது இருந்தாலும் கேக்காது. வழி பூரா உள்ள இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. லெட்சுமி கேட்டுட்டே வந்தா, 'மிஸ்ஸி, துடிக்குதா, துடிக்குதா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"கேக்கலம்மா, ஜீப் சத்தம். ஆனா கெளம்பும்போது துடிச்சுச்சு, அது நான் கேட்டேன். அப்படின்னேன். அவ உடனே என் கையைப் புடிச்சு வயித்துல வச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் துடிக்குதான்னு அவ கேக்கல."

நானாக இருந்தால் துடிக்கிறது என்று சொல்லியிருப்பேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு இவள் 'சும்மா சொல்ல மாட்டேன்' என்று சொல்லியிருந்ததால்தான் இன்றைக்கு அந்தப் பெண் நம்பினாள்.

காயத்துக்கு மருந்து போட்டேன். எரிகிறது என்று கத்தினாள். நன்றாகக் கத்தினாள்.

மார்ச் 27, சனி

ஆஸ்பத்திரி. தாயும் பிள்ளையும் நலம். லெட்சுமியின் புருஷன் முனியாண்டி, பேசவே கூச்சப்படுகிறவன், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றான்.

"மிஸ்ஸி, பேரு நீங்கதான் வைக்கணும்."

"நான் வச்சா பிலோமினான்னுதான் வைப்பேன். உங்க மாரியம்மன் கோவிச்சுக்கும். நீங்களே வைங்க."

பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். பி. அதை வலது காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை வீறிட்டது. "இது எப்படிக் கேக்குது, வாத்தா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள், அவ்வளவுதான்.

பஸ் இல்லை. வாடகைக் கார். யான் என்கிற ஊர்ப் பக்கத்து மீன்காரர் ஒருவரும் கூட, கூடையோடு. சட்டையெல்லாம் மீன் வாடை.

ஏப்ரல் 11, ஈஸ்டர் ஞாயிறு

மழை விட்டு வெயில். மரங்களில் புது இலை, செம்பு நிறம்.

அந்தோணி குடும்பத்தோடு வந்தான். வருடா வருடம் ஆட்டுத்தொடையோடு வருகிறவன், இன்று பெரிய மீன். மெலிந்திருக்கிறான். மூட்டை தூக்க ஆள் வைத்துவிட்டானாம். பிள்ளைகள் திடலில் பந்தடித்தபோது ஓரமாக நின்று விசில் ஊதினான். அந்த விசில் பி.யின் வலது காதில் விழவில்லை. கிரேஸ் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நெய் மணம் தெரு முழுக்க. பி. நன்றி சொல்லி வாங்கி என்னிடம் கொடுத்தாள், மூடியைத் திறந்து ஆழமாக ஒருமுறை முகர்ந்த பிறகு.

மூன்று நாள் முன்பு கிரேஸுக்கு ரத்தம் எடுத்தார்கள். அழவில்லை.

ஏப்ரல் 15, வியாழன்

பி.யின் ரத்தம்: இறங்கியிருக்கிறது. அந்தக் காது மாத்திரை நின்றபின் எடுத்த கணக்கு, அதனால் நம்பலாம் என்கிறார் டாக்டர். போதாது, மாத்திரை ஒன்று சேர்த்திருக்கிறார். ஆனால் சாப்பாட்டாலேயே இவ்வளவு இறக்கியவர்களைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றார். வலது காது சென்ற முறை இருந்தது போலவே. இனி இவ்வளவுதான் போல. வேலை செய்யத் தடை இல்லை.

கிரேஸுக்கும் இருக்கிறது.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்கு மருந்து வேண்டாம், சாப்பாடு மட்டும் கவனம், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் என்றார். ஓடலாம், விளையாடலாம். கிரேஸ் நடுவில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் காது போயிருமாம்மா?"

"தெரியாது கண்ணு. போகாம இருக்கத்தான் இப்பவே பாக்குறோம்."

பஸ் ஸ்டாண்டில் என் பக்கம் திரும்பினாள். "லூர்துக்கு யாரும் சொல்லல. எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல. இவளுக்குப் பத்து வயசுலயே தெரிஞ்சுபோச்சு. இது நல்ல சேதிங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க, புள்ள பாக்குது."

மூஞ்சியை இறக்கினேன். முடிந்தவரை.

ஏப்ரல் 16, வெள்ளி

மேகமூட்டம். பள்ளி இல்லை. காலைக்கு ரொட்டி, அவித்த முட்டை.

பி. முட்டைகளை இரண்டாகப் பிளந்தாள். வெள்ளையைத் தனக்கும் கிரேஸுக்கும் வைத்தாள்.

"மஞ்சள் யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு."

என் தட்டில் இரண்டு மஞ்சள் உருண்டை. பிசைந்துகொண்டே இருந்தேன்.

பி. தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "சாப்புடுங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் சாப்புட்டாத்தானே எங்களுக்கும் ருசி ஞாபகம் இருக்கும்."

கிரேஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிப்பா இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.